இடக்கை இன்ஸ்பெக்டர்

அமெரிக்க ராணுவத்தின் ஆயுத சரித்திரத்தில் எனக்கும் ஓர் இடம் உண்டு. 'இடக்கை இன்ஸ்பெக்டர்' என்று என்னைக் குறிப்பிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஏதோ ஓர் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை அடித்தவனாம். ஆணாம். குள்ளமாம். அநேகமாகக் குடிகாரனாம். நான் பிறந்ததே போர் முடிந்து பல வருஷம் கழித்துத்தான். உயரம் ஐந்தடி எட்டங்குலம். ஈஸ்டர் அன்றைக்கு ஒரு கிளாஸ் ஒயின் குடித்தாலே எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

இந்தப் பெருமை எனக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் புருஷன் மிலான் ஹ்ருஷ்கா. பழைய ராணுவ பம்ப் துப்பாக்கிகளைச் சேர்க்கிறவன். குழலுக்கு அடியில் இருக்கும் கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும், அந்த ரகம். பதுங்குகுழிச் சண்டைக்கு எடுத்துப் போனவை. சுடச் சுடக் குழல் கொதிக்கும் என்று மேலே ஓட்டை போட்ட தகரக் கவசம், முனையில் கத்தி மாட்ட ஒரு கொக்கி. அந்தத் தகரத்தில் ஓட்டை எத்தனை வரிசை இருக்க வேண்டும் என்பதில் சண்டை வந்து, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்ல வேளையாக, பெண்ணும் மாப்பிள்ளையும் அதைக் கவனிக்கவில்லை.

இவர்கள் ஒரு துப்பாக்கியைப் பார்த்து நல்லது என்றோ அசல் என்றோ சொல்ல மாட்டார்கள். 'கரெக்ட்' என்பார்கள். மரம் கரெக்ட், பூச்சு கரெக்ட், திருகாணி கரெக்ட். எங்கள் மேற்குப் பென்சில்வேனியாவில் எது கரெக்ட் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் டாக்டர் பாயிட் கெட்டரிங்கிடம் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பல்லில் கம்பி கட்டியே ஏரிக்கரையில் வீடு கட்டிய புண்ணியவான். துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்துக்குத் தலைவரும் அவரே, அதன் பத்திரிகைக்கு ஆசிரியரும் அவரே. அதில் வரும் கட்டுரைகளைப் புகழ்ந்து வாசகர் கடிதம் எழுதுபவரும் அவரே என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பதினைந்து வருஷம் இருக்கும். எங்கள் ஊர் தீயணைப்பு நிலையத்து மண்டபத்தில் துப்பாக்கிச் சந்தை. வெள்ளிக்கிழமை மீன் பொரித்த எண்ணெய் வாசம் ஞாயிற்றுக்கிழமையும் போகாத மண்டபம் அது. மிலானின் மேசைக்கு முன்னால் நின்று கெட்டரிங், "என்ன மிலான், இரும்புக் கடை போட்டுட்டியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிலான் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பேசவில்லை என்றால் கராஜில் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

நடந்தது. எவனோ வாத்து சுட வாங்கி மாட்டுக் கொட்டகையில் எறிந்திருந்த ஒரு துப்பாக்கியை எடுத்து வந்தான். தபாலில் வாங்கிய புதுக் கவசத்தை மாட்டினான். கொக்கியைப் பொருத்தினான். மிச்சம் ராணுவ முத்திரை மட்டும்தான். தீப்பிடித்த வெடிகுண்டு மாதிரி நகக்கண் அளவில் ஒரு சின்னம். அதற்கு ஓர் உளியும் செய்துவிட்டான். ஆனால் அந்த வாரம்தான் வலது கையை ரம்பத்தில் கிழித்துக்கொண்டு கட்டுப் போட்டிருந்தான்.

"வில்மா, ஒரே ஒரு அடி. அடிச்சுக் குடுத்துட்டுப் போயிடு."

நான் இடது கைக்காரி. அடித்தேன். தீக்கொழுந்து இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

"சாஞ்சிருச்சே!" என்றேன்.

"விடு. அந்த ஆளு ஏமாந்ததும் உண்மையச் சொல்லிச் சிரிச்சுட்டு வரப்போறோம். அதுக்கு இது போதும்."

அடுத்த சந்தையில் கெட்டரிங் அந்தத் துப்பாக்கியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், பூதக்கண்ணாடியை எடுத்தார், மூச்சு விட மறந்தார்.

"மிலான், இது எங்க கெடச்சுது?"

"என் கராஜ்ல, டாக். நானே பண்ணேன். தமாஷுக்கு."

"ஆமாமா. குடுக்க மனசில்லாதவங்க எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

"நெசமாத்தான் சொல்றேன். முத்திரை அடிச்சதே வில்மாதான்."

"வில்மாவா! கேட்டீங்களா, வில்மா அடிச்சாளாம்!" அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, போதும்ப்பா பேரம். என்ன வேணும் உனக்கு?"

நாங்கள் மறுக்க மறுக்க அவருக்கு வெறி ஏறியது. கடைசியில் விலைக்குப் பதிலாகத் தன் பனி தள்ளும் மெஷினை எங்கள் லாரியில் தானே ஏற்றிவிட்டுத் துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். உண்மையைச் சொல்லி ஒருவரைத் தடுக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மெஷின் நல்ல மெஷின்.

மூன்று மாதத்தில் சங்கப் பத்திரிகையில் கெட்டரிங்கின் கட்டுரை வந்தது. முத்திரை சாய்ந்திருப்பதற்குக் காரணம் அடித்தவன் இடது கைக்காரன் என்று கண்டுபிடித்திருந்தார். அதுவரை சரி, மனுஷன் கெட்டிக்காரர்தான். சாய்வின் கோணத்தை வைத்து அவன் குள்ளன் என்றார். அழுத்தம் ஒரே சீராக இல்லாததால் குடிகாரன் என்றார். அன்றைக்கு அடுப்பில் முட்டைக்கோஸ் தீய்ந்துகொண்டிருந்தது, அந்த அவசரத்தில் அடித்தேன். அது எந்தக் கோணத்தில் தெரியும்?

அதற்கப்புறம் ஒன்று இரண்டாச்சு, இரண்டு இருபதாச்சு. ஒஹையோவில் ஒன்று கிடைத்தது, மேரிலாந்தில் ஒன்று கிடைத்தது, எல்லாவற்றிலும் தீக்கொழுந்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. நான் அடித்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் யார் யார் கராஜில் பிறந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். சங்கத்தில் இடக்கை இன்ஸ்பெக்டர் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தனி மேசையில் உட்கார ஆரம்பித்தார்கள். நாங்கள் கடைசி மேசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தோம். சிரிப்பாகத்தான் இருந்தது, போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் எங்கள் ஊர் மாநிலச் சிறையை மூடினார்கள். வரலாற்றுக் கழகத்து ஆர்டிஸ் அம்மாள் நூலகத்தின் பக்கத்து அறையில் சிறையைப் பற்றி ஒரு காட்சி வைக்க ஏற்பாடு செய்தார். பூட்டு, சாவிக்கொத்து, கைதிகள் தைத்த சட்டை எல்லாம் சேர்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மாமனார் ஓந்த்ரேய் ஹ்ருஷ்கா அந்தச் சிறையின் மதில்மேல் காவல் நின்றவர். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய பம்ப் துப்பாக்கிகளைச் சிறைக்குக் கொடுத்திருந்தது. அதில் ஒன்றை அவர் வேலையில் இருந்த காலமெல்லாம் தோளில் சுமந்தார். ஓய்வு பெற்றபோது அதையே அவருக்குப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். மிலானிடம் இருப்பதிலேயே மாசு மறு இல்லாத அசல் அதுதான். அதைச் சந்தைக்கு ஒரு நாளும் கொண்டுபோனதில்லை.

சிறையில் கலவரம் நடந்த அன்றைக்கு மாமனாருக்குச் சுடச் சொல்லி உத்தரவு வந்தது. அவர் சுடவில்லை. அதோடு பதவி உயர்வும் போயிற்று. அவர் வீட்டில் அதைப் பற்றிச் சொன்னதெல்லாம் "நான் சுடல" என்ற ஒரே வரிதான். மிலான் ஆர்டிஸிடம் கேட்டதும் அதைத்தான். துப்பாக்கிக்குக் கீழே ஒரு அட்டை. 'இதைச் சுமந்தவர் ஓந்த்ரேய் ஹ்ருஷ்கா. சுடச் சொன்னபோது சுடவில்லை.' அவ்வளவு போதும் என்றான். நாற்பது வருஷத்தில் அவன் எதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. துப்பாக்கி அங்கே வரப்போகிறது என்று உள்ளூர்ப் பத்திரிகையில் கூடப் போட்டுவிட்டார்கள்.

கழகத்துக் கமிட்டிக்கு ஒரு சான்றிதழ் வேண்டுமாம். அதைக் கொடுக்கக் கெட்டரிங் வந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைப் பிள்ளை மாதிரித் தூக்கினார். முத்திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மிலான், மன்னிக்கணும். இது கரெக்ட் இல்ல."

"எது கரெக்ட் இல்ல?"

"முத்திரை நேரா இருக்கு. போலி பண்றவன்தான் இவ்வளவு நேரா அடிப்பான். அசல்ல கொழுந்து சாஞ்சிருக்கும். அதான் இப்ப ஊருக்கே தெரியுமே."

பல்லை நேராக்கியே பிழைத்த மனுஷன் சொல்கிறார் பாருங்கள்!

"இது எங்கப்பாவுக்குச் சிறையில குடுத்தது, டாக்," என்றான் மிலான்.

"அப்படின்னு உங்கப்பா சொன்னாரு. வயசான காலத்துல எல்லாரும் கொஞ்சம் கதை கட்டத்தான் செய்வாங்க. தப்பா எடுத்துக்காத."

எனக்கு உச்சந்தலை வரை சுள்ளென்று ஏறியது. "கதை கட்டுறது யாருன்னு நான் சொல்லவா, டாக்?" என்று ஆரம்பித்தேன். மிலான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டான். லாரியில் ஏறியதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். "எங்கப்பாவைப் பொய்யன்னு சொல்லிட்டான், வில்மா," என்றான். அழுகிற குரல். கேட்கச் சகிக்கவில்லை.

அந்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு உளியையும் சுத்தியலையும் ஓர் இரும்புத் துண்டையும் அதை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸையும் எடுத்துக்கொண்டு போனோம். மிலான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். வாத்துத் துப்பாக்கி, தபால் கவசம், கிழிந்த கை எல்லாவற்றையும். அப்புறம் வெர்ன் டிப்பிட் என்பவன், தனி மேசைக்காரன், எழுந்தான்.

"பொறாமை, மிலான். உங்கிட்ட ஒண்ணு இல்லேங்கற பொறாமை."

"உங்கிட்ட இருக்கறதை எவன் பண்ணான்னு எனக்குத் தெரியாது, வெர்ன். முதல்ல வந்ததை அடிச்சவ இதோ நிக்கறா."

நான் இரும்புத் துண்டை வைஸில் பொருத்தினேன். உளியை வைத்தேன். இடது கையால் ஓங்கி ஒரு போடு போட்டேன். கெட்டரிங் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். தீக்கொழுந்து சாய்ந்திருந்தது. அதே சாய்வு. அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பாவம் என்று ஒரு நிமிஷம் எனக்கே தோன்றிவிட்டது.

"காபி குடிச்சுட்டு வருவோம்," என்றார்.

காபி குடித்துவிட்டு வந்தார். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் மனுஷன் வேறு ஆளாகியிருந்தார்.

"நண்பர்களே, திருமதி ஹ்ருஷ்காவுக்கு நாம நன்றி சொல்லணும். இடது கைக்காரங்க அடிச்சா முத்திரை இடது பக்கம் சாயும்னு பதினஞ்சு வருஷமா நான் சொல்லிட்டு வரேன். இன்னைக்கு உங்க கண் முன்னாடி நிரூபிச்சுக் காட்டிட்டாங்க!"

கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். வெர்ன் விசில் அடித்தான். நான் சுத்தியலும் கையுமாக நின்றேன். அதை எங்கே இறக்கியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

"அது மட்டுமில்ல," என்று கெட்டரிங் கையை உயர்த்தினார். "இதுலேர்ந்து இன்னொண்ணும் தெரியுது. மிலான் வீட்டுத் துப்பாக்கியில முத்திரை நேரா இருக்கு. அப்படின்னா அதை அடிச்சவர் யாரு? வலது கைக்காரர்! நமக்குக் கெடச்சிருக்கற முதல் வலக்கை இன்ஸ்பெக்டர் துப்பாக்கி அதுதான்!"

அங்கேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். நான் வாயைத் திறந்தேன். "விட்டுடு, கண்ணு," என்றான் மிலான் மெதுவாக. "அப்பா துப்பாக்கி சுவத்துல ஏறுது. எனக்கு அது போதும்." அவனுக்காக வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம் அதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் காட்சி திறந்தார்கள். மிலான் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஆர்டிஸ் அம்மாள் குக்கீயும் பழரசமும் வைத்திருந்தார். துப்பாக்கி நடுச்சுவரில் இரண்டு கொக்கிகளின் மேல் கம்பீரமாகக் கிடந்தது. கீழே கையகல அட்டை. மிலான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். திரும்பவும் படித்தான்.

"அப்பா பேரு எங்க?" என்றான்.

நானும் படித்தேன். வலக்கை இன்ஸ்பெக்டர் இருந்தார். இடக்கை இன்ஸ்பெக்டரும் இருந்தார், குள்ளமாகவே. ஓட்டை வரிசை, மரத்தின் சாதி, கண்டுபிடித்தவர் டாக்டர் பாயிட் கெட்டரிங், எல்லாம் இருந்தன. கடைசி வரியில் 'பிற்காலத்தில் சில்லறை உபயோகம்' என்று இருந்தது. என் மாமனார் வெயிலிலும் பனியிலும் நின்ற அத்தனை வருஷமும் அந்தச் சில்லறை உபயோகத்துக்குள் அடக்கம்.

"அது ஒண்ணுமில்ல, மிலான்," என்று கெட்டரிங் அவன் தோளில் தட்டினார். "ராணுவத்தை விட்டு வந்ததுக்கப்புறம் துப்பாக்கி எங்க இருந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. சிறை கிறைன்னு போட்டா மதிப்புதான் குறையும்."

மிலான் ஆர்டிஸைப் பார்த்தான். அந்த அம்மாள் தரையைப் பார்த்தார். "டாக்டர்தான் எழுதிக் குடுத்தாரு," என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் உள்ளே வந்தார். எழுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கோவிலுக்குள் வருகிறவர் மாதிரி நடந்து வந்து, துப்பாக்கியையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற கெட்டரிங்கிடம் கேட்டார்.

"சார், பேப்பர்ல போட்டிருந்தாங்க. ஹ்ருஷ்கா துப்பாக்கி இதுங்களா?"

"இல்லீங்க. இது வலக்கை இன்ஸ்பெக்டர் துப்பாக்கி. உலகத்துலயே இது ஒண்ணுதான்."

"அப்படியா. மன்னிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு, கிழவர் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மிலான் ஒரு வினாடி அப்படியே நின்றான். அடுத்த வினாடி துப்பாக்கியைக் கொக்கியிலிருந்து எடுத்தான்.

"கையுறை! கையுறை!" என்று அலறினார் கெட்டரிங்.

மிலான் ஓடினான். முட்டி வலி என்று மாடிப்படி ஏறாத மனுஷன், கோட்டு பறக்க ஓடினான். நான் பின்னால் ஓடினேன். கார்கள் நிற்கும் இடத்தில் கிழவர் காருக்குச் சாவி போட்டுக்கொண்டிருந்தார்.

"சார்! நில்லுங்க சார்!"

கிழவர் திரும்பினார். துப்பாக்கியைப் பார்த்தார். சாவி கீழே விழுந்தது, இரண்டு கையும் தானாக மேலே போயின. எத்தனையோ தடவை செய்து பழகிய கைகள் என்று பார்த்தாலே தெரிந்தது. தான் துப்பாக்கியோடு ஓடி வந்திருக்கிறோம் என்பது மிலானுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ! காலி சார், காலி! உள்ள ஒண்ணுமில்ல!" என்று குழலைத் தரைக்குத் திருப்பினான்.

கிழவர் கையை இறக்கவில்லை. மிலானின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நீ ஹ்ருஷ்கா பையனா?"

"ஆமா. இது அவரோடதுதான். உள்ள அந்த ஆளு சொன்னது தப்பு."

கைகள் மெதுவாக இறங்கின. "நான் நிக் ஃபுஸ்கோ. கலவரத்தன்னைக்குக் கைதியா சிறை முற்றத்துல இருந்தேன். எரீ ஊர்லேர்ந்து வரேன். சாகறதுக்குள்ள இதுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போயிடலாம்னு."

"இதுக்கா?"

"இதுக்குத்தான். சுடு, சுடுன்னு ஒலிபெருக்கியில கத்துறாங்க. எனக்கு நேர் மேல உங்கப்பா, என் நெஞ்சைக் குறி வச்சு நிக்கறாரு. சுடல. அப்புறம்தான் சொன்னாங்க, பம்ப் சிக்கிக்கிச்சாம், நகரவே இல்லையாம். உங்கப்பாவே அதிகாரிங்ககிட்ட அப்படித்தான் சொன்னாராம். இத்தனை வருஷமா நான் சிக்கிக்கிட்ட துப்பாக்கிக்குத்தான் நன்றி சொல்லிட்டிருக்கேன், தம்பி."

இது எங்களுக்குத் தெரியாது. சுடவில்லை என்று மட்டும்தான் மாமனார் சொன்னார், சிக்கிக்கொண்டது என்று சொன்னதே இல்லை. அப்படியானால் அவர் சுடாமல் இருந்தாரா, சுட முடியாமல் இருந்தாரா? மிலானைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மிலான் துப்பாக்கியை வானத்தைப் பார்க்கப் பிடித்தான். கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினான். சரக், சரக். தண்ணீர் மாதிரி ஓடியது. மறுபடியும் இழுத்தான், மறுபடியும் தள்ளினான்.

"முப்பது வருஷமா நான் இதைக் கழட்டி மாட்டுறேன்," என்றான். "உள்ள ஒரு பாகம் கூட மாத்தினதில்ல. ரிப்பேர் பண்ணின ஒரு கீறல் இல்ல, உரசல் இல்ல. இருந்தா எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் சார். இது சிக்கினதே இல்ல."

"அப்ப அவரு பொய் சொன்னாரா?"

"ஆமா. பொய்தான் சொல்லியிருக்காரு."

ஃபுஸ்கோ காரில் சாய்ந்துகொண்டார். மிலான் துப்பாக்கியை அவரிடம் நீட்டினான். "ஐயையோ, எங்கிட்டக் குடுக்காதே. ஜெயிலுக்குப் போனவன் துப்பாக்கியைத் தொட்டா மறுபடி உள்ள வச்சிருவான்," என்று சொல்லிக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். வாசலில் கெட்டரிங் வெள்ளைக் கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை.

"பேரு முழுசா சொல்லு," என்றார் ஃபுஸ்கோ. "எங்களுக்கு ஹ்ருஷ்கான்னு மட்டும்தான் தெரியும்."

"ஓந்த்ரேய். ஓந்த்ரேய் ஹ்ருஷ்கா."

"ஓன்ட்ரி," என்றார் அவர். "ஓன்ட்ரி ஹ்ருஷ்கா." தொப்பியைக் கழற்றிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். உச்சரிப்பு முழுக்கத் தப்பு. மிலான் திருத்தவில்லை.